ஏழாவது வைக்கோல்

தொப்பி செய்யக் கற்றுக்கொள்வது எப்படி என்று ஒரு பார்லிமெண்டு கூடிச் சட்டம் போட்டது என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். வரி போடலாம், யுத்தம் தொடுக்கலாம், அரசனை இறக்கி வேறு அரசனை ஏற்றலாம். அதற்கெல்லாம் பார்லிமெண்டு வேண்டியதுதான். ஆனால் ஒரு தொப்பிக்காரன் தன் பட்டறையில் எத்தனை பையன்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கலாம் என்பதை மூவாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்து கணக்குப் பண்ணிச் சொன்ன பெருமை இங்கிலாந்தின் பார்லிமெண்டுக்கு உண்டு. வருஷம் 1732. இரண்டாம் ஜார்ஜ் அரசாண்ட காலம்.

சட்டம் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு. ஏழு வருஷம் முழுசாகத் தொழில் பழகாத எவனும் அங்கே தொப்பி செய்யக் கூடாது. எந்தத் தொப்பிக்காரனும் ஒரே சமயத்தில் இரண்டு பையன்களுக்கு மேல் சேர்த்துக்கொள்ளக் கூடாது. கறுப்பு மனிதர்களை இந்த வேலையில் வைக்கவே கூடாது. மீறினால் மாதத்துக்கு ஐந்து பவுன் அபராதம். செய்த தொப்பியை ஒரு குடியேற்றத்திலிருந்து பக்கத்துக் குடியேற்றத்துக்குக் கொண்டுபோய் விற்கவும் கூடாது. கப்பலில் ஏற்றினாலும் குற்றம், வண்டியில் ஏற்றினாலும் குற்றம், குதிரை முதுகில் கட்டினாலும் குற்றம். அதற்கு அபராதம் ஐந்நூறு பவுன்!

இவ்வளவு கோபம் எதனால் வந்தது? லண்டன் தொப்பிக்காரர்களின் சங்கம் ஒரு மனுப் போட்டிருந்தது. நியூ இங்கிலாந்திலும் நியூயார்க்கிலும் வருஷத்துக்குப் பத்தாயிரம் தொப்பிகள் செய்கிறார்கள், எங்கள் பிழைப்பில் மண் விழுகிறது என்பது அவர்கள் புலம்பல். அந்தக் காலத்தில் நல்ல தொப்பி என்றால் பீவர் என்ற பிராணியின் ரோமத்தில் செய்த தொப்பி. ஆற்றை மறித்து மரக்கட்டைகளால் அணை கட்டி வாழுகிற பிராணி அது. ஐரோப்பாவில் அதை ஏறக்குறைய அடியோடு கொன்று தீர்த்துவிட்டார்கள். வட அமெரிக்கக் காடுகளிலோ அது ஏராளமாக இருந்தது. 1670-இல் ஹட்ஸன் விரிகுடாக் கம்பெனி என்ற பெரிய கம்பெனி ஏற்பட்டதே முக்கியமாக இந்தத் தோலுக்காகத்தான். தோல் கிடைக்கிற இடத்திலேயே தொப்பியும் செய்துவிட்டால், தோலைக் கப்பலில் கொண்டுபோய்த் தொப்பியாக்கித் திருப்பி அனுப்பி இரட்டை லாபம் அடிக்கிறவர்களின் கதி என்ன ஆவது?

கடற்கரையில் இருக்கிறவன் உப்பு அள்ளினால் குற்றம் என்று சொன்ன அதே மூளைதான். 1930-இல் வேதாரண்யம் வரை நடந்துபோனவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியிராது. 1774-இல் தாமஸ் ஜெபர்ஸன் எழுதிய ஒரு பிரசுரத்தில் இந்தத் தொப்பிச் சட்டத்தைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். தன் நிலத்தில் தான் பிடித்த பிராணியின் ரோமத்தில் தனக்கென்று ஒரு தொப்பி செய்துகொள்ளக் கூடாதாம், இதைப் போன்ற அக்கிரமம் பிரிட்டிஷ் சரித்திரத்திலேயே இல்லை என்பது அவர் வாதம். வக்கீல் அல்லவா, கொஞ்சம் தூக்கித்தான் சொல்வார்.

எனக்கு இந்தச் சட்டத்தில் சுவாரசியமாகப் படுவது அபராதத் தொகை அல்ல. அந்த "இரண்டு பையன்கள்" என்ற கணக்குத்தான். தொழிலை ஒழிப்பதற்குப் பட்டறையைக் கொளுத்த வேண்டியதில்லை, கற்கிறவர்களின் தொகையைக் குறைத்தால் போதும் என்பதை அந்த லண்டன்காரர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

சரி, ஏழு வருஷம் என்ன கற்றுக்கொண்டான் அந்தப் பையன்?

ஃபெல்ட் என்கிற பொருளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தறியில் நெய்ததில்லை, ஊசியால் பின்னியதும் இல்லை. ரோமத்தை ஈரமும் சூடும் கொடுத்து அழுத்தி அழுத்தி ஒன்றோடொன்று சிக்க வைத்த கனத்த துணி. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ரோமத்தின் மேலெல்லாம் நுண்ணிய செதிள்கள் இருக்கும். அந்தச் செதிள்கள் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டால் பிறகு எமன் வந்தாலும் பிரிக்க முடியாது. இந்தக் கவ்வலை உண்டாக்குவதுதான் தொப்பிக்காரனின் வித்தை.

முதலில் தோலிலிருந்து மேல்முடியைப் பிடுங்கி எறியவேண்டும். அடியில் இருக்கிற மென்மையான குறுரோமம்தான் சரக்கு. அதை வெட்டி எடுத்து ஒரு பலகையின்மேல் குவித்து, மேலே கயிற்றில் தொங்குகிற ஒரு பெரிய வில்லின் நாணைக் கட்டையால் சுண்டுவார்கள். நம் ஊரில் மெத்தை தைக்கிறவன் தோளில் போட்டுக்கொண்டு வருகிற பஞ்சு கொட்டும் வில் இருக்கிறதே, அதே ஜாதி. உயரம் மட்டும் ஓர் ஆளை மிஞ்சும். நாண் அதிர்கிற அதிர்ச்சியில் ரோமம் புகைபோல் எழும்பிப் பலகையில் ஒரே சீராகப் படியவேண்டும். நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் படியவேண்டிய இடங்களும் உண்டு. இதற்குத் தராசு கிடையாது, அளவுகோல் கிடையாது. கை சொல்லவேண்டும், காது சொல்லவேண்டும். நாணின் ஒலியைக் கேட்டே கைதேர்ந்தவன் தப்பைக் கண்டுபிடிப்பான். புத்தகத்தில் எழுதி வைக்க முடியாத பாடம் இது. பக்கத்தில் நின்று வருஷக்கணக்கில் பார்க்கவேண்டியதுதான்.

இப்படிப் படிந்த இரண்டு படலங்களைச் சேர்த்து ஒரு பெரிய கூம்பாக்குவார்கள். அதைத் தலையில் வைத்தால் இடுப்பு வரைக்கும் இறங்கும்போல இருக்கும். பிறகு கொதிக்கிற கொப்பரை. தண்ணீரில் கந்தக அமிலம் கொஞ்சம், சாராய வண்டல் கொஞ்சம். கொப்பரையைச் சுற்றிச் சரிவாகப் பலகைகள். ஒவ்வொரு பலகைக்கும் ஓர் ஆள். முக்கி எடுப்பது, உருட்டுவது, பிசைவது, மறுபடி முக்குவது. மணிக்கணக்கில் இப்படிச் செய்தால் கூம்பு பாதியாகச் சுருங்கி இறுகும். உள்ளங்கையில் தோல் பட்டை கட்டிக்கொண்டாலும் கை வெந்துதான் போகும். அதன் பிறகு மரத்தலையில் மாட்டி வடிவம் கொடுப்பது, சாயம் தோய்ப்பது, அரக்குப் பூசி விறைப்பாக்குவது, இஸ்திரி போடுவது எல்லாம் இருக்கின்றன. அவை ஏழாவது வருஷத்துப் பாடங்கள்.

இதற்கு நடுவே இன்னொரு பாடமும் வந்து புகுந்தது. அது பாதரசம். பீவர் கிடைப்பது அருமையாகி முயல் ரோமத்தில் தொப்பி செய்யத் தொடங்கியபோது, முயல் ரோமம் லேசில் கவ்வவில்லை. பாதரசத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துத் தோலின்மேல் தடவினால் கவ்வியது. ரோமத்தின் நுனி காரட் கிழங்கு நிறமாக மாறும். ஆகவே அந்த வேலைக்கே இங்கிலீஷில் காரட்டின் பெயரை வைத்துவிட்டார்கள். பிரஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் இன்னும் பொருத்தம். "ரகசியம் செய்தல்" என்று அர்த்தம். 1685-இல் பதினான்காம் லூயி பிராடெஸ்டெண்டுகளுக்கு இருந்த பாதுகாப்பை ரத்துச் செய்தபோது நாட்டைவிட்டு ஓடியவர்களில் தொப்பிக்காரர்கள் பலர் இருந்தார்கள். அவர்களோடு இந்த ரகசியமும் கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போய்விட்டது என்றும், பல வருஷம் பிரஞ்சுப் பிரபுக்களே இங்கிலாந்திலிருந்து தொப்பி வாங்க நேர்ந்தது என்றும் சொல்வார்கள். தொழிலை மூட்டை கட்டிக்கொண்டு போக முடியாது என்று ராஜாக்கள் நினைக்கிறார்கள். தொழில் இருப்பது ஆளின் கையில்.

ரகசியத்தின் விலையைப் பையன்கள் கொடுத்தார்கள். பாதரசம் தடவிய ரோமத்தை வில்லால் சுண்டும்போது தூசி மூக்கில் ஏறும். கொப்பரையில் முக்கும்போது ஆவி ஏறும். முதலில் ஈறு வீங்கும், பல் ஆடும். பிறகு கை நடுங்கும், கையெழுத்துக் கோணும். அதற்கப்புறம் வருகிற அடையாளம்தான் விசித்திரமானது. கூச்சம்! அன்னியர் யாராவது எதிரே வந்தால் வியர்த்துப் போவான், தன்னை யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் வேலை ஓடாது, காரணமில்லாமல் சீறுவான். பார்த்துப் பார்த்துக் கற்கவேண்டிய ஒரு தொழிலில், பிறர் பார்ப்பதைத் தாங்கமுடியாத வியாதி. கதை எழுதுகிறவன் இப்படி ஒரு வியாதியைக் கற்பனை செய்து எழுதியிருந்தால் செயற்கை என்று சொல்லியிருப்பார்கள்.

"தொப்பிக்காரன்போல் பைத்தியம்" என்ற பழமொழி இங்கிலீஷில் இருக்கிறது. லூயிஸ் காரல் 1865-இல் எழுதிய ஆலிஸ் கதையில் வருகிற தொப்பிக்காரனால் அது உலகப் பிரசித்தி ஆகிவிட்டது. ஆனால் பழமொழி அந்தக் கதைக்கு முந்தியது. தொப்பிக்காரர்கள் நடுங்குவதை ஊரெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. 1860-இல் அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாகாணத்தில் பிரீமன் என்ற டாக்டர் இது பாதரசத்தினால் வருகிற நோய்தான் என்று தெளிவாக எழுதினார். அமெரிக்கத் தொப்பிப் பட்டறைகள் பாதரசத்தைக் கைவிட்டது 1941-இல். நடுவில் எண்பத்தொரு வருஷம்.

1732-ஆம் வருஷத்துச் சட்டம் உருப்படியாக அமலாகவில்லை. அத்தனை பெரிய நாட்டில் ஒவ்வொரு கிராமத்துக் கொப்பரையையும் யார் எட்டிப் பார்ப்பது? சுதந்திரப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1780-இல், கனெக்டிகட் மாகாணத்து டான்பரியில் ஸேடாக் பெனடிக்ட் என்பவர் ஒரு தொப்பிப் பட்டறை தொடங்கினார். பிற்காலத்தில் தொப்பி நகரம் என்றே பெயர் வாங்கிய ஊர் அது. அவருடைய பட்டறையில் கூலியாள் ஒருவன், தொழில் பழகும் பையன்கள் இருவர், நாளைக்கு மூன்று தொப்பி. சட்டம் அனுமதித்த அதே இரண்டு பையன்கள்! கடலுக்கு அப்பாலிருந்து வந்த சட்டத்துக்குப் பயந்து இருக்காது. நாளைக்கு மூன்று தொப்பி செய்கிற இடத்தில் அதற்குமேல் எத்தனை பையன்களுக்குச் சோறு போட முடியும்?

இதுவரை சொன்னது ஆண்பிள்ளைகளின் தொப்பி. பெண்கள் தலையில் வைத்துக்கொண்டது வைக்கோலில் செய்த பானெட். அதன் சரித்திரத்தில் ஒரு மாணவி வருகிறாள். ஆசிரியரே இல்லாத மாணவி.

ரோட் ஐலண்டு மாகாணத்தில் பிராவிடன்ஸ் என்ற ஊர். 1798-ஆம் வருஷம் ஜூன் மாதம். பெட்ஸி மெட்காப் என்ற பெண்ணுக்கு வயது பன்னிரண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த வைக்கோல் பானெட் ஒன்றை அவள் பார்த்திருந்தாள். விலை அவர்கள் வீட்டுக்கு எட்டாது. வேறு பெண்ணாக இருந்தால் அழுது அடம் பிடித்திருப்பாள். அப்பாவும் பத்து நாள் கழித்து மறந்திருப்பார். இவள் அப்பா அறுத்துக்கொண்டு வந்திருந்த ஓட்ஸ் தாளில் ஒரு கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் முழுசாக முடிந்த ஒரு பானெட்டின் தோற்றம் மட்டுமே. தனியான பின்னல் பட்டையை அவள் கண்டதே இல்லை. எத்தனை கால் வைத்துப் பின்னியிருக்கிறது என்பது தெரியாது. தாளை அளவாக நறுக்கினாள். கத்தரிக்கோலின் முதுகால் வழித்து நேராக்கினாள். கட்டைவிரல் நகத்தால் கீறி இரண்டாகப் பிளந்தாள். ஆறு தாள் வைத்துப் பின்னிப் பார்த்தாள். ஒரு பாட்டிலை உருட்டித் தேய்த்துத் தட்டையாக்கினாள். பானெட்டில் பாதி தைத்தும் ஆகிவிட்டது. தூக்கிப் பார்த்தால் கடைச் சரக்கைப்போல் இல்லை. எங்கேயோ இடிக்கிறது.

நம் வீட்டுப் பெண்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மூன்று கால் பின்னலுக்கும் நாலு கால் பின்னலுக்கும் உள்ள வித்தியாசத்தை எட்டு வயசுப் பெண் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். ஒற்றைப்படையில் பின்னினால் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி அமையும். இரட்டைப்படையில் ஒரு பக்கம் சாயும். பெட்ஸிக்கு இதைச் சொல்ல யாரும் இல்லை. பாதி தைத்ததை ஒதுக்கி வைத்துவிட்டு, இன்னொரு தாளைச் சேர்த்து ஏழாக்கிப் பின்னினாள். சரியாகிவிட்டது.

"உனக்கு இது வராது" என்று அவளுடைய சிநேகிதிகள் பலர் சொன்னார்களாம். வீட்டோடு இருந்த ஓர் அத்தை மட்டும் எதிரே உட்கார்ந்து, அவள் பின்னப் பின்ன நுனியை நேராகப் பிடித்துக்கொண்டாள். கஜக்கணக்காக இப்படிப் பிடித்தாள். சரித்திரப் புத்தகத்தில் இந்த அத்தைக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. ஆனால் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோருக்கும் எதிர்நுனியைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அத்தைக்கும் பின்னத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தாளை வெளுக்கவும் வழி தெரியவில்லை. தணலில் கந்தகத்தைத் தூவி அந்தப் புகையைக் காட்டினார்கள். கடைசியில் ரோஜா நிறச் சாட்டின் உள்துணி வைத்துத் தைத்த பானெட்டைப் பார்க்க நூற்றுக்கணக்கானவர்கள் வந்தார்கள் என்று அவளே பிற்காலத்தில் எழுதினாள். வந்தவர்கள் சும்மா போகவில்லை, எங்களுக்கும் சொல்லிக் கொடு என்றார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தாள். அக்கம்பக்கத்திலிருந்து வந்தவர்கள், வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள், எல்லோருக்கும். அவளும் பானெட் செய்து நாளைக்கு ஒரு டாலர் வரையில் சம்பாதித்தாள். அக்காலத்தில் ஒரு பெண்ணுக்கு அது சாமானியப் பணம் அல்ல.

"பேட்டண்ட் எடுத்துக்கொள்" என்று பெரியவர்கள் யோசனை சொன்னார்கள். அமெரிக்காவில் 1790-இலேயே பேட்டண்டுச் சட்டம் வந்தாகிவிட்டது. ஏழாவது வைக்கோலுக்கு அவள் காப்புரிமை வாங்கியிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதற்கு அவள் சொன்ன காரணம், தன் பெயர் காங்கிரஸ் சபை வரைக்கும் போவதில் தனக்கு விருப்பம் இல்லை என்பது! அடக்கமா, பயமா, குறும்பா? நான் குறும்பு என்று எண்ண ஆசைப்படுகிறேன். 1732-இல் லண்டன்காரர்கள் பார்லிமெண்டுக்குப் போய்க் கற்பதற்கு வேலி போட்டார்கள். வேலி போடும் உரிமை தானாகத் தேடி வந்தபோது இந்தப் பெண் கையை நீட்டவில்லை.

பெயர் காங்கிரஸுக்குப் போவதை விரும்பியவர்களும் உண்டு. கனெக்டிகட்டின் கில்லிங்லி ஊரைச் சேர்ந்த மேரி கீஸ், வைக்கோலோடு பட்டு நூலைச் சேர்த்து நெய்கிற முறைக்கு 1809 மே மாதம் பேட்டண்ட் வாங்கினார். அமெரிக்காவில் பேட்டண்ட் வாங்கிய முதல் பெண்மணி என்று பொதுவாகச் சொல்லப்படுகிறவர் அவர். 1807-இல் ஜெபர்ஸன் அரசாங்கம் வெளிநாட்டு வர்த்தகத்தை நிறுத்தி வைத்ததால் ஐரோப்பியத் தொப்பிகள் வருவது நின்று, உள்ளூர் வைக்கோலுக்குக் கிராக்கி வந்திருந்த சமயம். ஆனால் நாகரிகம் மாறியது, பேட்டண்டால் அவருக்குச் செல்வம் சேரவில்லை. அந்தப் பேட்டண்டுக் காகிதமும் 1836-இல் பேட்டண்ட் ஆபீஸ் தீப்பிடித்தபோது எரிந்துபோயிற்று.

பெட்ஸி பரப்பிய கைப்பழக்கம் மாஸசூஸெட்ஸ் கிராமங்களில் வேரூன்றியது. அதன் பக்கத்திலேயே ஓலைத் தொப்பி வேலையும் வந்தது. கியூபாவிலிருந்து ஓலை கப்பலில் வரும். கடைக்காரர் அதைக் கிழித்து வீடு வீடாகக் கொடுப்பார். பெண்கள் முடைந்து கொண்டுவந்து கொடுப்பார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் பிட்ஸ்வில்லியம் என்ற சின்ன ஊரில் டெக்ஸ்டர் விட்டமோர் என்ற கடைக்காரர் இப்படி ஒரு சுற்று வட்டாரத்தையே முடைய வைத்தார். கூலி பெரும்பாலும் கடைச் சரக்காகவே போகும். சர்க்கரை, துணி, தேயிலை என்று கணக்கில் வரவு. ஓலை முடைகிற ஊர்களில் பிறந்தவர்களுக்கு அந்தக் கணக்கு நோட்டின் சுபாவம் தெரிந்திருக்கும்.

இனி இங்கிலாந்துக்குத் திரும்பவேண்டும். பெட்ஸி பார்த்துக் காப்பியடித்த மாதிரி பானெட்டுகளின் பிறந்த வீடு அதுதான். லண்டனுக்கு வடக்கே பெட்போர்டுஷயர், ஹெர்ட்போர்டுஷயர், பக்கிங்ஹாம்ஷயர் ஜில்லாக்கள். சுண்ணாம்பு மண், அதில் விளைகிற கோதுமைத் தாள் மெல்லியதாக, பளபளப்பாக இருக்கும். பிரஞ்சுக்காரர்களோடு 1793-இல் தொடங்கிய யுத்தம் 1815 வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிற்று. இத்தாலியிலிருந்து வந்துகொண்டிருந்த உயர்ந்த ரகப் பின்னல் தடைப்பட்டது. உடனே இந்த மூன்று ஜில்லாக்களிலும் குடிசைக்குக் குடிசை பின்னல்தான். தாளைப் பிளப்பதற்கு ஒரு சின்னக் கருவியும் வந்துவிட்டது. கைப்பிடியின் முனையில் சக்கரத்தின் ஆரங்களைப்போல் கத்திகள். தாளை அதில் செருகித் தள்ளினால் ஆறோ ஏழோ நறுக்குகளாகப் பிரிந்து வரும். பெட்ஸியின் நகம் செய்த வேலை. பீட்டர்பரோவுக்குப் பக்கத்தில் நார்மன் கிராஸ் என்ற சிறைமுகாமில் அடைபட்டிருந்த பிரஞ்சுக் கைதிகளும் திருட்டுத்தனமாகப் பின்னி, காவல் சிப்பாய்களையே தரகர்களாக்கி வெளியே விற்றார்கள்.

விலை நன்றாக இருந்த அந்த வருஷங்களில் வயலில் உழுகிற புருஷனைவிடப் பின்னுகிற மனைவிக்கு அதிக வருமானம் வந்தது. நிலச்சுவான்தார்களுக்கு இது பிடிக்கவில்லை. ஹெர்ட்போர்டுஷயர் விவசாயத்தைப் பற்றி 1804-இல் எழுதிய ஆர்தர் யங், ஏழைகளுக்குத் திமிர் வந்துவிட்டது, வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் ஆள் கிடைக்கவில்லை என்று விவசாயிகள் குறைப்படுவதைக் குறித்து வைத்திருக்கிறார். எந்த ஊராக இருந்தாலும் கூலிக்காரன் வீட்டில் இரண்டாவது வேளை அடுப்பு எரிந்தால் மிராசுதார் வீட்டில் புகை எழும்பும்.

யுத்தம் முடிந்தது, விலை விழுந்தது. அப்புறம்தான் குழந்தைகள் வந்தார்கள். விலை பாதியானால் இரண்டு பங்கு பின்னவேண்டுமே!

பின்னல் பள்ளிக்கூடம் என்று அதற்குப் பெயர். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தைப்போல ஒரு வீட்டின் முன்னறைதான் பள்ளிக்கூடம். ஆசிரியை ஒரு கிழவி, அல்லது வேறு வேலைக்குப் போகமுடியாத ஒரு ஸ்திரீ. அவளுக்கே எழுத்து வாசனை இல்லாதது சகஜம். மூன்று நான்கு வயசுக் குழந்தைகள் வாரத்துக்கு இரண்டு மூன்று பென்ஸ் சம்பளம் கொடுத்துச் சேருவார்கள். தாளும் அவர்களே கொண்டுவரவேண்டும். நறுக்குகளை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக வாயில் வைத்து எச்சிலில் நனைத்து, விரலால் மடக்கிப் பின்னவேண்டும். நனையாத தாள் முறிந்துவிடும். நாள் முழுக்க வாயில் வைக்கோல் இருந்தால் உதடு வெடிக்கும், கடைவாய் புண்ணாகும். எந்த நறுக்கு எதன் மேல், எதன் கீழ் என்பதை நினைவில் வைக்கப் பாட்டு உண்டு. குழந்தைகள் எல்லோரும் சேர்ந்து ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே பின்னுவார்கள். தூரத்தில் போகிறவன் காதில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற சத்தம்போல் விழுந்திருக்கும்.

பத்தடிச் சதுர அறையில் முப்பது நாற்பது குழந்தைகள். வைக்கோல் நிறைந்த அறையில் கணப்பு மூட்டப் பயம், இடமும் இல்லை. குளிர்காலத்தில் மண்சட்டியில் தணலைப் போட்டுப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். காலையில் ஒரு வேளை, பிற்பகல் ஒரு வேளை. பெரிய குழந்தைகளுக்கு இரவில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் மூன்றாவது வேளையும் உண்டு. இன்றைக்கு இத்தனை கஜம் என்று தாயார் காலையில் சொல்லி அனுப்புவாள். அதை வாங்கித் தருவதுதான் ஆசிரியையின் கடமை. அதற்குத்தான் அவள் கையில் குச்சி. கெட்டிக்கார ஆசிரியை என்றால் அதிகக் கஜம் வாங்குகிறவள் என்று அர்த்தம். நடுவில் ஒரு முறை பைபிளிலிருந்து ஒரு பகுதியை வாசிக்கச் சொன்னால் படிப்பு முடிந்தது. இந்தத் தாய்மார்களைக் கொடியவர்கள் என்று நான் சொல்லத் தயாராக இல்லை. வயல் கூலி எட்டு ஒன்பது வாய்க்குப் போதவில்லை. பின்னல் இருபது கஜத்துக்கு ஒரு கட்டு என்று சந்தையில் விலை போகும். லூட்டன் சந்தை திங்கட்கிழமை. குழந்தை பின்னிய கட்டு ரொட்டியாகத் திரும்பி வந்து அதே குழந்தையின் தட்டில் விழுந்தது.

எனக்கு இதில் பதில் கிடைக்காத ஒரு கேள்வி இருக்கிறது. பெட்ஸி மெட்காப் பன்னிரண்டு வயசில் செய்ததும், பெட்போர்டுஷயர்க் குழந்தை நாலு வயசில் செய்ததும் ஒரே விரல் வேலை. ஒரே வைக்கோல், ஒரே பின்னல். முன்னவள் ஆறு போதாது என்று தானே கண்டுபிடித்தாள். பின்னவளுக்கு ஏழு என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். தப்புப் பண்ணிப் பார்க்க அவளுக்கு நேரம் கொடுக்கவில்லை. கஜக்கணக்கில் அது நஷ்டம் அல்லவா? அப்படிக் கற்றவளுடைய கை பெட்ஸியின் கையைவிட வேகமாகவும் சுத்தமாகவும் இருந்திருக்கும். அதிலே சந்தேகமே இல்லை. வித்தை கற்றது அவளா, வித்தை அவளை விழுங்கியதா என்பதுதான் புரியவில்லை.

1860-களில் குழந்தைத் தொழிலை விசாரிக்க ஏற்பட்ட கமிஷனின் அதிகாரிகள் இந்த அறைகளுக்குள் குனிந்து நுழைந்து பார்த்து எழுதினார்கள். 1867-இல் ஒரு சட்டம் வந்தது. எட்டு வயசுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை வேலையில் வைக்கக் கூடாது. எட்டிலிருந்து பதின்மூன்று வரை பாதி நாள் வேலை, பாதி நாள் படிப்பு. பள்ளிக்கூடம் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த இடங்களைப் பட்டறை என்று சட்டம் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். 1732-இல் சட்டம் போட்டவர்கள் கற்கிறவர்களின் தொகையை எண்ணினார்கள். இந்தச் சட்டம் கற்கிறவளின் வயசை எண்ணியது. அதே பார்லிமெண்டு, நூற்று முப்பத்தைந்து வருஷம் கழித்து. 1870-இல் ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. அப்போதும் கிராமங்களில் தாய்மார்கள் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. எழுத்துக் கற்றால் சனிக்கிழமை யார் காசு கொடுப்பார்கள்?

அந்த வழக்கைத் தீர்த்து வைத்தது சட்டம் அல்ல, கப்பல். 1870-களில் சீனாவிலிருந்து வைக்கோல் பின்னல் மூட்டை மூட்டையாக லூட்டனுக்கு வந்து இறங்கியது. இருபது வருஷம் கழித்து ஜப்பானிலிருந்தும் வந்தது. விலையில் அதோடு எந்தக் குடிசையும் போட்டி போட முடியவில்லை. லூட்டன் நகரம் ஒன்றும் நஷ்டப்படவில்லை. அங்கே தொப்பி தைக்கிற தொழில் இருந்தது, மெஷின்கள் வந்துவிட்டன, பின்னல் எங்கிருந்து வந்தால் என்ன? 1869-இல் பின்னல் வியாபாரத்துக்கென்றே பெரிய மண்டபங்கள் கட்டித் திறந்திருந்தார்கள். சில வருஷத்துக்குள் அந்த மண்டபங்களில் பெட்போர்டுஷயர்ச் சரக்குக்குப் பக்கத்தில் கிழக்கத்தியச் சரக்கும் விலை கூவப்பட்டது. 1871 ஜனத்தொகைக் கணக்கில் பின்னல்காரிகள் என்று எழுதிக்கொண்டவர்கள் நாற்பத்தையாயிரத்துக்கு மேல். 1901-இல் ஆயிரம் பேர்கூட இல்லை. சீனாவில் அந்தப் பின்னலைப் பின்னியதும் குடிசைகளில் இருந்த ஏழைகளின் விரல்கள்தாம்.

லூட்டன் மியூசியத்தில் அந்தக் காலத்துச் சாமான்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். தாள் பிளக்கிற கருவிகள் இருக்கின்றன. நறுக்குகளை நசுக்கித் தட்டையாக்குவதற்குக் கதவு நிலையில் பொருத்திக் கையால் சுற்றிய மர உருளைகள் இருக்கின்றன. பின்னல் மாதிரிகளும் ரகம் ரகமாக இருக்கின்றன. இன்ன ரகம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு: முத்துப் பின்னல், முறுக்கு, இறகு ஓரம், முழு டன்ஸ்டபிள். முழு டன்ஸ்டபிள் என்பது ஏழு முழுத் தாள்களைப் பிளக்காமல் வைத்துப் பின்னியது.

பெட்ஸி மெட்காப் கல்யாணமாகி மாஸசூஸெட்ஸ் டெட்ஹாமுக்குக் குடிபோனாள். தான் கற்ற விதத்தை ஒரு கடிதத்தில் எழுதி வைத்தபோது அவளுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. 1867-இல், இங்கிலாந்தில் அந்தக் குழந்தைகளுக்கான சட்டம் நிறைவேறிய அதே வருஷம், காலமானாள்.